ஒரு சாவி இருக்கும்போதே இன்னொரு சாவி

உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதா? பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிய கார்? அப்படியானால் அதன் சாவியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். இதே போல் இன்னொரு சாவி வீட்டில் இருக்கிறதா என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ கேளுங்கள். "எங்கேயோ இருந்தது, இப்போ காணோம்" என்று பதில் வந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

நான் ஈப்போவில் கார் மின்சார வேலைகள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். வளர்ந்தது சுங்கை சிப்புட்டுக்கு அருகே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த ஓர் இடத்தில். எஸ்பிஎம் முடித்த பிறகு வாகனத் தொழில்நுட்பம் படித்தேன். சாவிப் பிரச்சினையோடு எங்களிடம் வருபவர்கள் இரண்டு வகை. சாவி சரியாக வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் அன்றைக்கே காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இருந்த ஒரே சாவியைத் தொலைத்தவர்களின் கார் லாரியில் ஏறி வருகிறது. செலவும் அலைச்சலும் பல மடங்கு. இந்த வித்தியாசம் ஏன் வருகிறது என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. படிவம் 4, 5 பாடப் புத்தகங்களில் உள்ள இயற்பியலும் கணிதமும் போதும்.

தோட்டம் போனது, கார் வந்தது

என் பாட்டி பால்மரம் சீவிய காலத்தில் தோட்டத்தில் யாருக்கும் கார் தேவைப்படவில்லை. லயத்திலிருந்து பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில் எல்லாவற்றுக்கும் நடந்தே போய்விடலாம். பேராக்கில் ரப்பரின் வரலாறு நீண்டது. 1877இல் கோல கங்சாரில் நட்ட மரங்களில் ஒன்று இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. ஆனால் பல தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. வேலை நகரத்துக்குப் போய்விட்டது. மக்களில் பலர் பழைய இடத்திலோ பக்கத்துத் தாமான்களிலோ இருக்கிறார்கள்.

என் மாமா வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு ஈப்போவுக்கு வெளியே தொழிற்சாலை வேலை. அத்தை வாரத்தில் மூன்று நாள் தாத்தாவை ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மாமன் மகளுக்கு மாலையில் டியூஷன். இத்தனைக்கும் ஒரே கார். பதினெட்டு ஆண்டு ஓடிய கார். பேருந்து அந்தப் பக்கம் வருவதில்லை. அந்தக் காருக்கு இருந்தது ஒரே ஒரு சாவி. அது தொலைந்தால் மாமாவின் ஒரு நாள் சம்பளத்தோடு போகாது, தாத்தாவின் சிகிச்சையும் தவறிப்போகும். சாவி என்பது சின்ன விஷயம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு சாவிக்குள் மூன்று சாவிகள்

1985இல் முதல் புரோட்டான் சாகா சாலைக்கு வந்தபோது கார் சாவி என்றால் வெட்டிய உலோகம் மட்டும்தான். அதே வடிவத்தில் இன்னொன்றை வெட்டினால் வேலை முடிந்தது. கார் திருட்டைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களில் மின்னணுப் பூட்டைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001இல் அதைச் செய்தது. அதைத் தொடர்ந்து நம் நாட்டுக் கார்கள் பலவற்றிலும் அது இடம்பெற்றது. இந்தப் பூட்டுக்குப் பெயர் இம்மொபிலைசர்.

ஆகவே 2000க்குப் பிறகு வந்த பல கார்களின் சாவியில் மூன்று தனித்தனிச் சாவிகள் இருக்கின்றன. முதலாவது, பூட்டைத் திருப்பும் உலோகத் தகடு. இரண்டாவது, எஞ்சினை ஓட அனுமதிக்கும் சிறிய சில்லு. மூன்றாவது, கதவைத் திறந்து மூடும் ரிமோட். மூன்றும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் குடியிருந்தாலும், பெரும்பாலான பழைய கார்களில் ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடுவதில்லை.

இது தெரிந்தால், எது பழுது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சாவி துவாரத்தில் நுழைந்தும் திரும்பாமல் அடம்பிடித்தால் தகடோ பூட்டோ தேய்ந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கவில்லை, ஆனால் கையால் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்றால் குறை ரிமோட்டில். சாவி திரும்புகிறது, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பற்றவில்லை, அல்லது பற்றி ஓரிரு விநாடியில் அணைகிறது, டாஷ்போர்டில் பாதுகாப்பு விளக்கு மின்னுகிறது என்றால் சில்லைக் காருக்கு அடையாளம் தெரியவில்லை. சில கார்களில் அப்போது ஸ்டார்ட்டரே சுற்றாது.

"தம்பி, ரிமோட் செத்துப் போச்சு, முழுசா புது சாவி போடணுமா?" என்று கேட்டு வருபவர்களிடம் எங்கள் பட்டறை அண்ணன் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "காடி ஸ்டார்ட் ஆவுதா?" ஆகிறது என்று பதில் வந்தால், பாதிச் செலவு அங்கேயே குறைந்துவிடும்.

பேட்டரி இல்லாமல் பேசும் சில்லு

ரிமோட்டின் பேட்டரியை முழுவதுமாகக் கழற்றிவிட்டாலும் பழைய கார்களில் எஞ்சின் ஓடும். ஏன்? அந்தச் சில்லுக்குப் பேட்டரியே கிடையாது.

சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு கம்பிச்சுருள் வளையம் இருக்கிறது. நீங்கள் சாவியைத் திருப்பியதும் கார் அந்தச் சுருளில் விநாடிக்கு ஏறக்குறைய 125,000 சுழற்சிகள் கொண்ட மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உருவாகிறது. சாவியின் சில்லோடு இணைந்த மிகச் சிறிய சுருளில் அந்தப் புலம் மின்சாரத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. படிவம் 5 இயற்பியலில் நீங்கள் படிப்பது. டோல் சாவடியில் தொடும் டச் அன் கோ அட்டைக்குள்ளும் பேட்டரி இல்லை. அலைவரிசை வேறு, தத்துவம் ஒன்றே.

இப்படிக் கடன் வாங்கிய மின்சாரத்தில் விழித்துக்கொள்ளும் சில்லு, காரோடு பேசுகிறது. ஆரம்ப காலச் சில்லுகள் தங்கள் அடையாள எண்ணை மட்டும் சொல்லின. பின்னர் வந்தவை இன்னும் கெட்டிக்கார வழியைக் கையாண்டன. கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைக் கொடுக்கும். சில்லு தன்னிடம் உள்ள ரகசிய எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். கார் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தினால்தான் எரிபொருளும் தீப்பொறியும் எஞ்சினுக்குக் கிடைக்கும். ரகசிய எண் மட்டும் வெளியே வருவதே இல்லை.

ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு புதிய சொல்

ரிமோட் வேறு விதம். அதற்குச் சொந்தப் பேட்டரி உண்டு. பெரும்பாலும் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சில மீட்டர் தூரத்திலிருந்து காருக்குக் கட்டளை அனுப்பும். ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பினால், பக்கத்தில் நிற்பவர் அதைப் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடலாம். இதற்கு மாற்றாக வந்ததுதான் மாறிக்கொண்டே இருக்கும் குறியீடு.

உலகெங்கும் பல காலம் பயன்பட்ட 'கீலாக்' என்னும் முறையை உதாரணமாகப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் 1980களில் உருவான இதை, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. ரிமோட்டுக்குள் ஓர் எண்ணி இருக்கிறது. நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அது ஒன்று கூடும். அந்த எண், 64 பிட் நீளமுள்ள ரகசிய எண்ணோடு கலக்கப்பட்டு 32 பிட் குறியீடாக வெளியே போகும். 32 பிட் என்றால் 2இன் 32ஆம் அடுக்கு: 4,294,967,296 வாய்ப்புகள். படிவம் 4 கணிதத்தில் இரண்டடிமான எண்களைப் படிக்கும்போது "இதெல்லாம் எங்கே பயன்படும்?" என்று கேட்டிருப்பீர்கள். உங்கள் அப்பாவின் சட்டைப் பையில் பயன்படுகிறது.

காரும் தன் பங்குக்கு எண்ணிக்கையை நினைவில் வைத்திருக்கும். ஏற்கெனவே வந்துபோன எண் மீண்டும் வந்தால் ஏற்காது. வீட்டில் தம்பி தங்கை ரிமோட்டை விளையாட்டாக அழுத்தினால், சாவியின் எண்ணி முன்னே ஓடிவிடும். அதற்காகவே ஒரு சலுகை இருக்கிறது. கீலாக்கின் வழக்கமான அமைப்பில், அடுத்த 16 எண்களுக்குள் இருந்தால் கார் உடனே ஏற்கும். அதைத் தாண்டிவிட்டால், காரின் அருகே நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் அது மறுபடி சேர்ந்துகொள்ளும். புது ரிமோட் வாங்க ஓடுவதற்கு முன் இந்த இரண்டு அழுத்தல்களை முயன்று பாருங்கள்.

மாமாவின் சாவிக்கு நாங்கள் செய்தது

மாமாவின் ரிமோட் பல மாதங்களாகத் தகராறு செய்தது. பலமாக அழுத்தினால் சில சமயம் திறக்கும், சில சமயம் திறக்காது. எஞ்சின் மட்டும் நன்றாக ஓடியது. எனவே சில்லும் தகடும் நலம், ரிமோட்டில்தான் கோளாறு என்பது தெளிவு.

முதலில் பேட்டரி. உறையின் விளிம்பில் உள்ள பிளவில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் உறை திறக்கும். பேட்டரி மேல் சிஆர்2032 என்று எழுதியிருந்தது. இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. முதல் இரண்டு இலக்கம் விட்டம், 20 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு கனம், 3.2 மில்லிமீட்டர். சிஆர்1616 என்றால் 16 மில்லிமீட்டர் விட்டமும் 1.6 மில்லிமீட்டர் கனமும். ஆகவே 'ஏதோ ஒரு வட்ட பேட்டரி' என்று வாங்கக் கூடாது. புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். கழற்றிய பழையதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

பேட்டரி மாற்றியும் தகராறு தீரவில்லை. அடுத்தது பொத்தானுக்கு அடியில் இருக்கும் சிறு சுவிட்ச். பதினெட்டு ஆண்டு கட்டைவிரல் அழுத்தத்தில் அதன் ஒரு கால் பலகையிலிருந்து விடுபட்டிருந்தது. சால்டரிங் கருவியால் பழையதை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள புதிய சுவிட்சைப் பற்றவைத்தோம். சுவிட்சின் விலை, பட்டறைக்குக் கீழே விற்கும் ஒரு தே தாரேக்கை விடக் குறைவு. ரிமோட் உயிர்பெற்றது.

உறையும் உடைந்திருந்ததால் அதையும் மாற்றினோம். இங்கேதான் கவனம் தேவை. இணையத்தில் மலிவாகக் கிடைப்பது வெறும் உறை. உள்ளே சில்லு இருக்காது. பழைய உறையின் மூலையில் கறுப்புக் கட்டியாகவோ சிறு கண்ணாடிக் குழாயாகவோ சில்லு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பத்திரமாக எடுத்துப் புதிய உறையில் வைக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் பழைய உறையைக் குப்பையில் போட்டால், கதவு திறக்கும் அழகான சாவி கையில் இருக்கும், எஞ்சின் ஓடாது.

எல்லாம் முடிந்ததும் அண்ணன் மாமாவிடம் சொன்னார்: "இதோட நிறுத்தாதீங்க. இந்தச் சாவி உயிரோட இருக்கறப்பவே இன்னொண்ணு போட்டுருங்க." மாமா அன்றே ஒப்புக்கொண்டார்.

அறிமுகம் செய்து வைப்பது

சாவியை 'புரோகிராம்' செய்வது என்றால் சாவிக்குள் எதையோ எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது, புதிய சாவியைக் காருக்கு அறிமுகம் செய்து வைப்பது. "இவரும் நம் வீட்டுக்காரர்தான், உள்ளே விடு" என்று காரின் நினைவகத்தில் பதிகிறோம்.

சில கார்களில் இதற்குக் கருவி வேண்டாம். ஏற்கெனவே பதிந்த சாவியை வைத்து, குறிப்பிட்ட வரிசையில் இக்னிஷனைத் திறந்து மூடினால் கார் கற்றுக்கொள்ளும் நிலைக்குப் போகும். மற்ற கார்களில், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை இணைப்பில் கருவியைச் செருகி, பாதுகாப்பு எண்ணைக் கொடுத்துப் பதிய வேண்டும்.

வாடிக்கையாளர்களிடம் நாங்கள் சொல்லும் விதிகள் நான்கு. ஒன்று, வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுவாருங்கள். பல கார்களில் புதிதாகப் பதியும்போது பழைய பதிவுகள் அழிந்துவிடும், எனவே எல்லாவற்றையும் ஒரே அமர்வில் பதிய வேண்டும். இரண்டு, வெளியே ரிமோட் வாங்கினால் அலைவரிசையையும் சில்லின் வகையையும் பாருங்கள். 315இல் பேசும் ரிமோட்டை 433இல் கேட்கும் கார் ஒருபோதும் கேட்காது. மூன்று, வேறொரு காரில் பதிந்த பழைய சாவிகள் மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். சில வகைச் சில்லுகள் ஒரு காருக்குப் பூட்டப்பட்டுவிட்டால் இன்னொரு காரை ஏற்காது. நான்கு, பதியும் நேரத்தில் காரின் 12 வோல்ட் பேட்டரி பலவீனமாக இருக்கக் கூடாது. பாதியில் மின்சாரம் விழுந்தால் நினைவகமே குழம்பலாம்.

கடைசிச் சாவியும் தொலைந்துவிட்டால் அறிமுகம் செய்து வைக்க ஆள் இல்லை. ஒருமுறை ஓர் அம்மா சந்தையில் ஒரே சாவியைத் தொலைத்துவிட்டு வந்தார். காரை ஏற்றிவர லாரி, பூட்டைக் கழற்றித் தகடு வெட்டும் வேலை, இம்மொபிலைசர் பெட்டியைப் பிரித்துப் பாதுகாப்பு எண்ணை மீட்கும் வேலை என்று மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டாவது சாவிக்கு ஆகும் செலவு இந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வராது.

அவரிடமும் அண்ணன் முதலில் கேட்டது கிராண்டும் மைகார்டும்தான். "கிராண்ட் இல்லன்னா சாவி இல்ல" என்பது எங்கள் பட்டறையின் சட்டம். சாவி செய்யத் தெரிந்த கைக்கு, யாருக்குச் செய்யக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ரகசியம் எதில் இருக்க வேண்டும்?

கணினி படிக்கும் மாணவர்களுக்கு இதில் இன்னொரு பாடம் உண்டு. 1883இல் ஓகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்ற அறிஞர் ஒரு விதியை எழுதினார். ஒரு மறைக்குறியீட்டு முறையின் வேலை முறை எதிரிக்கு முழுவதும் தெரிந்தாலும் அது பாதுகாப்பாக இருக்க வேண்டும். ரகசியம் சாவி எண்ணில் மட்டும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கார் உலகம் நீண்ட காலம் இதற்கு நேர்மாறாக நடந்தது. கணக்கு முறையை மறைத்து வைத்தால் போதும் என்று நம்பியது. 2008இல் ஜெர்மனியின் பொகூம் நகரத்து ஆய்வாளர்கள், சில்லு கணக்குப் போடும்போது மின்சாரத்தைச் செலவிடும் விதத்தை அளந்தே கீலாக்கின் ரகசிய எண்ணை எடுத்துக் காட்டினார்கள். 'மெகாமோஸ் கிரிப்டோ' என்ற இம்மொபிலைசர் முறையின் பலவீனத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைக்கு 2013இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கட்டுரை 2015இல்தான் வெளிவந்தது. குறையை மறைப்பதால் குறை போய்விடுவதில்லை. அதனால் பழைய காருக்கு ஸ்டீயரிங் பூட்டுக் கம்பி ஒன்றையும் போட்டு வைப்பது இன்றும் நல்ல பழக்கம். இரும்புக்கு அலைவரிசை கிடையாது.

கையும் படிப்பும் சேர்ந்தால்

எஸ்பிஎம் முடிவு வந்ததும் "பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, இனி என்ன?" என்று சோர்ந்துபோகும் மாணவர்களை நான் பார்க்கிறேன். நம் மாநிலத்திலேயே வழிகள் இருக்கின்றன. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969இல் ஈப்போவில்தான் தொடங்கியது. ஈப்போ தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. கியாட்மாரா மையங்கள் இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் மூன்று நிலைகள் கொண்டது. அதன் மேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்கு எஸ்எல்டிஎன் என்ற இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. அதில் 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கும்.

பேராக்கின் தஞ்சோங் மாலிமில் புரோட்டான் தொழிற்சாலை இயங்குகிறது. அங்கிருந்து வெளிவரும் ஒவ்வொரு காரும் ஒரு நாள் பழைய காராகும். அதன் பூட்டை, கணினியை, மின்சாரத்தைப் புரிந்துகொண்ட கைகள் அன்றும் தேவைப்படும். மல்ட்டிமீட்டர் பிடிக்கவும், சால்டரிங் செய்யவும், மின்சுற்றுப் படத்தை வாசிக்கவும் தெரிந்தவருக்கு எங்கள் பட்டறையில் வேலை எப்போதும் காத்திருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் காருக்கு மூன்று காரியம் செய்யுங்கள். சாவிகளை எண்ணுங்கள்; ஒன்றுதான் என்றால் இரண்டாவதற்குப் பணம் சேர்க்கும்படி வீட்டில் பேசுங்கள். சாவியோடு வந்த சிறு உலோக வில்லையில் எண் இருந்தால், அதை ஒரு தாளில் எழுதி கிராண்டோடு வையுங்கள். சாவியின் படத்தை மட்டும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், படத்தைப் பார்த்தே தகடு வெட்டிவிட முடியும். ஏற்கெனவே இரண்டு சாவி இருந்தால், மாதம் ஒருமுறை இரண்டாவதைக் கொண்டு காரை ஓட்டிப் பாருங்கள். அலமாரியில் தூங்கும் சாவி வேலை செய்கிறதா என்பதை, முதல் சாவி தொலைந்த அன்று தெரிந்துகொள்ள வேண்டாம்.